பெங்காலி அங்கிள் நடித்த படம்

ரொறன்ரோவில் தமிழ்ப் படம் ஒன்று கண்ணில் படாத காலத்தை நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் இருந்து எந்தப் படப்பெட்டி வந்தாலும், மொழி விளங்கினாலும் விளங்காவிட்டாலும், குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். கிழக்குப் பக்கம் ஸ்ட்ரீட்கார் ஓடுகிற தெருவில் ஒரு பழைய தியேட்டரை ஞாயிறு காலைகளில் யாராவது வாடகைக்கு எடுப்பார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணமும், யாரோ காகிதப் பையில் கொண்டுவந்த சமோசாவின் மணமும். திரையில் சேலை கட்டிய ஒரு பெண் குடத்தோடு நடந்து போனாலே அம்மாவுக்கு டிக்கெட் காசு செமித்துவிடும்.

அப்படிப் பார்த்த படங்களில் ஒன்று வங்காளப் படம். ஒரு பொக்ஸரின், குத்துச்சண்டைக்காரனின், கதை. எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் குளிர்காலத்தைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. அந்தக் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஆகவே எங்கள் நிறத்தில் இருந்த எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். எங்கள் மாடியின் மறு கோடியில் கல்கத்தாவில் இருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்களைப் பெங்காலி அங்கிள், பெங்காலி அன்ரி என்றுதான் சொல்வோம். அவர்களின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். என் சிநேகிதி.

அங்கிள் மெலிந்து உயர்ந்தவர். மூக்கு ஒரு பக்கம் சரிந்திருக்கும். கல்கத்தாவில் ரயில்வேக்காகப் பொக்ஸிங் ஆடியவர். அதனால் ரயில்வேயிலேயே வேலையும் கிடைத்திருந்தது. இங்கே ஒரு ஹோட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்புகளை அயர்ன் பண்ணினார். பக்கத்தில் வந்தால் கஞ்சிப் பசையும் நீராவியும் மணக்கும். அன்ரி ஒரு முதியோர் இல்லத்தில் பின்னேர ஷிஃப்ட், சனி ஞாயிறுகளில் பகல் ஷிஃப்ட்.

பெரியவர்களுக்கு அங்கிளைப் பிடிக்காது. காரணம், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

"உவர் பெரிய ஆள். குட் மோர்னிங் சொன்னாலும் தன்ர பாட்டில போறார்," என்பார் அப்பா.

"ஹோட்டல்ல சீலை மினுக்கிறவருக்கு உவ்வளவு எடுப்பு," என்பார் மாமா.

அவருக்கு இடது காது கேட்காது என்பது ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. வேலை போய்விடுமென்று பயந்திருக்கலாம்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் சில வெள்ளைக்காரப் பெடியன்கள் எங்களுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் நம் நிறத்தவர் எல்லோரையும் பார்த்துச் சொல்லப்பட்ட அந்த வசைச் சொல்லைச் சொல்வார்கள். அது உங்களுக்கும் தெரியும். பனியை உருட்டி, உள்ளே கல் வைத்து எறிவார்கள். ஒரு நாள் என் சிநேகிதி நின்று திரும்பினாள். "என்னுடைய அப்பா பொக்ஸர். சினிமாவில் ஹீரோ. அவர் வந்தால் உங்கள் பல்லெல்லாம் போகும்," என்றாள். பெடியன்கள் சிரித்தார்கள். ஆனால் அன்று கல் வரவில்லை.

"உண்மையாகவா?" என்று பிறகு கேட்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு படம் காட்டினாள். கறுப்பு வெள்ளை. அங்கிள் இளமையாக, கழுத்தில் துவாயோடு, மத்தியஸ்தர் உயர்த்திப் பிடித்த ஒரு கையோடு நின்றார். அது உண்மையான ஒரு போட்டியில் எடுத்தது. அவளோ அது சினிமாப் படம் என்று நம்பியிருந்தாள். தன் அப்பா சினிமாவில் பொக்ஸராக நடித்தவர் என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். மிச்சத்தைத் தானே கட்டிக்கொண்டாள். அங்கிள் அதைத் திருத்தவில்லை.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம். ஒரு கிழமைக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. துணி துவைக்கும் அறையில் அப்பா அவரைப் பிடித்து, "படத்தில் நடித்தீர்களாமே," என்று கேட்டார். எங்களுக்கும் அவர்களுக்கும் பொது மொழி ஆங்கிலம், தமிழில் சொல்கிறேன்.

"ஆமாம். ஒரு பொக்ஸராக," என்றார் அங்கிள்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. இன்றைக்கும் என் காதில் அது தெளிவாக இருக்கிறது.

மார்கழியில் அவர் நடித்த அதே படம் ரொறன்ரோவுக்கு வந்தது. அப்பா எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தார். முதல் நாள் பின்னேரம் அங்கிள் எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வராமல் கம்பளத்தின் ஓரத்திலேயே நின்றார்.

"நீளமான படம். பழையது. பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கும். இந்தக் குளிரில் எதற்கு," என்றார்.

கதவு மூடியதும் மாமா சிரித்தார். "பாருங்கோ, வெக்கப்படுறார்."

அன்ரிக்கு அன்று வேலை. என் சிநேகிதி தன் தந்தைக்கும் எனக்கும் நடுவில் இருந்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். தலைமுடியில் சிவப்பு ரிப்பன். எனக்கு முன் வரிசையில் அப்பா, அம்மா, மாமா. படம் தொடங்கியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு இளைஞன். வேறு யாரோ. பாட்டும் அவனுக்கு, அழுகிற தங்கையும் அவனுக்கு, ஒழுகும் கூரையும் அவனுக்கு. "உங்கள் காட்சி எப்போது?" என்று அவள் கிசுகிசுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கிள் அவளுடைய முழங்காலைத் தட்டினார்.

இடைவேளைக்குச் சற்று முன் அங்கிள் திரையில் வந்தார். ஒட்டு மீசை வைத்திருந்தார்கள். சிரிப்பு மூட்டுவதற்கென்று வைத்த ஆள். போட்டிக்கு முன்னால் அந்தப் பாத்திரம் முழங்கைகளை இறக்கை மாதிரி அடித்து, கழுத்தை நீட்டிச் சேவல் போலக் கூவ வேண்டும். கூவினார். தியேட்டர் சிரித்து உருண்டது. பிறகு கதாநாயகன் அவரை அடித்தான். தலையின் இடது பக்கத்தில் ஓர் அடி, அதே இடத்தில் இன்னோர் அடி, இன்னும் ஒன்று. அங்கிள் விழுந்தார். விரிப்பில் கன்னம் அழுந்தி, வாய் கோணி, ஒரு கண் பாதி திறந்தபடி கிடந்த அந்த முகத்தைக் கமரா நெடுநேரம் காட்டியது. சனம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

விளக்குப் போட்டார்கள். அப்பா திரும்பி, "எங்கள் ஹீரோ," என்று அங்கிளின் தோளில் தட்டினார். கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார். என் சிநேகிதி வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தாள். தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்துப் போனது.

அதன் பிறகு அவருக்குப் பெயர் பொய்யர். "ஹீரோ எண்டு சொல்லி ஊரை ஏமாத்தினவர்," என்றார் அப்பா. கட்டடத்துப் பிள்ளைகள் லிஃப்டில் அவரைக் கண்டால் முழங்கையை அடித்துக் கூவுவார்கள். தகப்பன்மார் அதட்டுவது போல அதட்டிவிட்டுத் தாங்களும் சிரிப்பார்கள். தான் ஹீரோ என்று ஒருபோதும் சொல்லவில்லை, அதைச் சொன்னது தன் மகள் என்று அவர் வாய் திறந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் திறக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்குவதைவிடத் தானே அப்படி இருக்கலாம் என்று அவர் முடிவெடுத்திருந்தார். அது எனக்கு விளங்க நானும் ஒரு தாயாக வேண்டியிருந்தது.

அவளோ எல்லாரிலும் கொடியவள் ஆனாள். தகப்பனோடு நடக்க மாட்டாள். அவர் அவளைக் கூட்டிப்போக எங்கள் வீட்டுக்கு வந்தால், "சேவல் வந்துவிட்டது," என்பாள், அவருக்குக் கேட்கிற மாதிரி. அவருடைய வலது காதுக்குக் கேட்டது. அவர் அவளுடைய கோட்டை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் அதற்குள் கையை விடாமல், கோட்டைப் பறித்துக்கொண்டு முன்னால் போவாள்.

அந்த நாட்களில்தான் மாமாவுக்கும் ஒன்று நடந்தது. மெத்தை செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. குடியுரிமைக் காகிதங்கள் இன்னும் முடிவாகவில்லை. ஒரு பின்னேரம் உதடு வெடித்து, கோட்டுப் பொத்தான்கள் அறுந்து வந்தார். "ஐஸில வழுக்கிப்போட்டன்," என்றார். சப்வே படிக்கட்டில் மூன்று நான்கு பேர் அவரை உதைத்துத் தள்ளினார்கள் என்பது வேறு யாரோ சொல்லிப் பிறகு தெரிந்தது. அவர் பொலிசுக்குப் போகவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. சாப்பிடும்போது அவருடைய தாடை இறுகி இறுகித் தளர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த விருந்து மண்டபத்தை எடுத்துச் சாப்பாடு வைத்தோம். மத்தியானம். பெங்காலிக் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தோம். அன்ரி வேலைக்குப் போய்விட்டார். மெட்ராஸ்காரர் ஒருவர் வந்திருந்தார், ஊரில் டாக்டர். இங்கே டாக்டராக வேலை செய்வதற்கான சோதனை எழுதிக்கொண்டிருந்தார். பெண்கள் சமையற்கட்டில் இருந்தார்கள். ஆண்கள் கோட்டுக் குவியலுக்குப் பின்னால் விஸ்கிப் போத்தலை வைத்திருந்தார்கள்.

அப்பாதான் தொடங்கினார். "மிஸ்டர் ஹீரோ, படத்தில் விழுந்த மாதிரி ஒருதரம் விழுந்து காட்டுங்கள்."

அங்கிள் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் பிளேட்டைப் பார்த்தார்.

"சும்மா பகிடிக்குத்தானே," என்று தமிழில் சொன்ன மாமா எழுந்து மேசைகளைத் தள்ளினார். "நான் அடிக்கிறன், அவர் விழட்டும்."

"வேண்டாம்," என்றார் அங்கிள். "நான் இப்போது ஆடுவதில்லை."

அப்போது என் சிநேகிதி பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து உரக்கச் சொன்னாள்: "பயப்படாதீர்கள். அவர் நன்றாக விழுவார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்."

அங்கிள் பிளேட்டைக் கீழே வைத்தார்.

கையுறை வேண்டுமே. மாமா தன் வேலைக்குப் போடும் தடித்த தோல் கையுறையை மாட்டினார். அங்கிளுக்கு யாரோ சமையற்கட்டில் இருந்து சூட்டுச் சட்டி பிடிக்கும் அம்மாவின் துணிக் கையுறைகளைக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் பூப் போட்டவை. அதற்கே ஒரு தடவை சிரித்தோம்.

அதன் பின் நான் பார்த்ததைப் போல ஒன்றை வாழ்க்கையில் மறுபடி பார்க்கவில்லை. மாமா அடித்தார்; அங்கே ஆள் இல்லை. மறுபடி அடித்தார், அங்கிள் அரை அடி தள்ளி நின்றார். ஓடவில்லை, குதிக்கவில்லை. தோளை மட்டும் சற்றுத் திருப்புவார், மாமாவின் கை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் அந்த மஞ்சள் பூக் கையுறை மாமாவின் நெற்றியை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பும். குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல. மண்டபம் அமைதியாகிவிட்டது. மாமாவுக்கு மூச்சு வாங்கியது, முகம் கறுத்தது. எங்கள் அப்பாகூட, "காணும், காணும்," என்றார்.

அங்கிள் கைகளை இறக்கினார். திரும்பித் தன் மகளைத் தேடினார். அவள் ஒரு கதிரையில் ஏறி நின்றாள். வாய் திறந்திருந்தது. தியேட்டருக்குப் பிறகு முதல் தடவையாக அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மாமா அங்கிளின் இடது பக்கமாக வந்தார். காலடிச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. தோல் கையுறை காதுக்கு மேலே விழுந்தது. அங்கிள் அப்படியே முன்னால் சரிந்து, தலை மேசைக் காலில் பட்டு, தரையில் கன்னம் அழுந்த விழுந்தார். வாய் கோணி, ஒரு கண் பாதி திறந்து.

படத்தில் விழுந்ததைப் போலவே விழுந்தார். அதனால் எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ மத்தியஸ்தர் மாதிரி, "வன்," என்று எண்ணத் தொடங்கினார்கள். பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து எண்ணினோம். பத்துக்கு ஆரவாரம் எழுந்தது. "நடிகர்தான்," என்றார் அப்பா. என் சிநேகிதி மட்டும் கதிரையில் இருந்து இறங்கி வந்து, அவருடைய கையிலிருந்த பூக் கையுறையைக் கழற்றி, விரல்களைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்க, மயக்கம்தான். கொஞ்சம் படுக்க வையுங்க, சரியாயிடும்," என்றார். அவர் வாயில் விஸ்கி மணத்தது. கோட்டுக் குவியலின் மேல் கிடத்தினார்கள். சாப்பாடு தொடர்ந்தது. அவர் வாந்தி எடுத்து, ஒரு பக்கக் கால் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அம்புலன்ஸ் கூப்பிடுவோமா என்ற பேச்சு வந்தது.

"பொலிசும் வரும்," என்றார் மாமா. முகம் வெளிறிப் போயிருந்தது. "அத்தான், என்ர பேப்பர்ஸ்."

அப்பா மேசைகளைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னார். தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு என் சிநேகிதிக்கு முன்னால் குந்தியிருந்து, அவளுடைய கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு மிக அன்பாகப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா ஈரத்தில் வழுக்கி விழுந்தார். சரியா? அம்மா கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். வேறு மாதிரிச் சொன்னால் அவரைச் சண்டைக்கு அனுப்பினது யார் என்றும் சொல்ல வேண்டிவரும். அம்மா தாங்க மாட்டார்."

அவள் தலையாட்டினாள். அப்பா அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டு அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார்.

அப்பா கெட்ட மனிதர் இல்லை. ஊரில் இருந்து வந்த எத்தனையோ பேரை விமான நிலையத்தில் இருந்து கூட்டிவந்து எங்கள் ஹோலில் படுக்க வைத்தவர். அன்றைக்கு அவர் செய்ததை அவருடைய சாவுவீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அங்கிள் பல கிழமைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போவாள். ஒரு நாள் பெங்காலி அன்ரி எங்கள் குசினியில் இருந்தபடி சொன்னார்: முன்னர் தலையில் அடிபட்டதுண்டா என்று டாக்டர்கள் கேட்டார்களாம். படப்பிடிப்பில் கதாநாயகனுக்கு, அடி விழுமுன் கையை நிறுத்தத் தெரியவில்லை. உண்மையாக இருக்கட்டும் என்று நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் அடிக்கவிட்டு எடுத்திருக்கிறார்கள். அத்தோடு இடது காது போனது, பொக்ஸிங்கும் போனது. திருப்பி ஒரே ஒரு அடி அடித்திருந்தால் கதாநாயகன் எழும்பியிருக்க மாட்டான் என்றார் அன்ரி.

அம்மா இதை அப்பாவிடம் சொன்னபோது அப்பாவின் முகம் தெளிந்தது. எனக்கு அதுதான் மறக்கவில்லை. "அப்ப முந்தியே பழுதான தலை. எங்கட பிழையில்லை," என்றார். மாமா அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டார்.

மாமாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் பெரிய வீடு, கோயிலில் நல்ல மரியாதை. பிறந்தநாள்களில் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வார். "சினிமாப் பொக்ஸர் ஒருத்தனை ஒரே அடியில விழுத்தினனான்." அவன் உண்மையாகவே ஹீரோவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஓம், அவன்தான் அந்தப் படத்தில ஹீரோ," என்பார் மாமா. தான் சொல்வதை அவர் இப்போது நம்பியும் விட்டார்.

பனி உருகத் தொடங்கியபோது அங்கிள் வீட்டுக்கு வந்தார். ஒரு கால் இழுத்தது. ஒரு கை எந்நேரமும் நடுங்கியது. பேச்சு வாயோரத்தில் வழிந்தது. ஹோட்டல் வேலை போய்விட்டிருந்தது. அன்ரியின் தமையன் வின்னிபெக்கில் இருந்தார். அங்கே போக முடிவெடுத்தார்கள்.

அவர்கள் புறப்பட்ட காலையில் அம்மா ஒரு பார்சல் கட்டி என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனாள். வாசலில் இரவல் வாங்கிய வான் வண்டி ஒன்று நின்றது. கறுத்த பனிச் சேற்றில் பெட்டிகள் இருந்தன. அங்கிள் வான் கதவைப் பிடித்தபடி நின்றார். மகள் அவருடைய மஃப்ளரைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பார்சலை வாங்கிக்கொண்ட அன்ரி அம்மாவிடம் மெல்லக் கேட்டார்: "ஒன்று கேட்கவேண்டும் என்று இருந்தேன். அவர் விழுந்தபோது ஏதாவது சொன்னாரா?"

அம்மா அந்த நேரம் சமையற்கட்டில் நின்றவள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். "உங்கள் பெயரைச் சொன்னார்," என்றாள்.

அன்ரி அவளைப் பார்த்தார். "என் பெயரை அவர் சொல்வதே இல்லை. மகளின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அங்கே இருந்தாயா?"

"ஓம் அன்ரி. ஏதோ சொன்னவர். சத்தத்தில் கேட்கவில்லை."

"என்ன சத்தம்?"

அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின.

"நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்," என்றேன். "மாமா அடித்த பிறகு. பத்து வரைக்கும்."

அன்ரி பார்சலைச் சேற்றில் வைத்தார். மகளிடம் போய் வங்காளத்தில் ஒரு கேள்வி கேட்டார். அவள் குனிந்தபடி, தன்னையே விரலால் காட்டி, நீளமாக ஏதோ சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, அன்ரி கையை ஓங்கி அவளுடைய கன்னத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார்.

அங்கிள் வான் கதவை விட்டார். காலை இழுத்துக்கொண்டு வந்து மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பொத்திய இரண்டு கைமுட்டிகளையும் நாடிக்கு நேரே உயர்த்தி, மனைவிக்கு எதிரே நின்றார். ஒரு முட்டி நடுங்கியது. மற்றது அசையவில்லை.

அன்ரி அவரிடம் ஏதோ கெஞ்சிச் சொன்னார். இரண்டு கைகளாலும் அந்த முட்டிகளைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தார். அவை இறங்கவில்லை.